பதினோரு வரி

நன்னிலம் கிளை நூலகத்தில் எடுத்தது.
மொழிபெயர்ப்பு. முதுகு பிரிந்து
பிசின் தடவி ஒட்டிய பழைய நாவல்.
பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம்.
பிழைக்க வந்த கூட்டத்து வண்டிக்காரன் ஒருவன்
களஞ்சியத்துக்குத் தீ வைத்தான் என்று
ஊரே சத்தியம் செய்கிறது.
ஒரே ஒரு வக்கீல் எழுந்து நிற்கிறார்.

மூன்று ராத்திரி படித்தேன்.
தாளடிக்குத் தண்ணீர் விட்டு
முடிகொண்டான் ஆறு பாலத்துக்கு அடியில்
உறுமிக்கொண்டே இருந்த வாரம்.
ஒன்பது பக்கம் பேசுகிறார் அந்த வக்கீல்.
விடுதலை.
கடைசி அத்தியாயத்தில்
அவர் வீட்டு வாசலில் வந்து நின்று
வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றுகிறான்.
அங்கே அழுதேன்.
வீட்டுக்காரர் புரண்டு படுத்து, பல்வலியா என்றார்.

விடிந்ததும் அந்த அழுகை பிடிக்காமல் போயிற்று.
தொப்பியைக் கழற்றியதற்கா அழுதேன்?

நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். பத்தொன்பது வருஷம்.
சாட்சி பேசுவார். பிறகு ஐயா சொல்வார்.
ஐயா சொல்வதைத்தான் அடிக்க வேண்டும்.
கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் எதிரி.
யாருக்கு எதிரி என்பதற்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஆடியில் ஒரு வழக்கு. போர்செட் மோட்டார் திருட்டு.
எதிரி தம்புசாமி, வயது ஐம்பத்தேழு, விவசாயக் கூலி.
அமாவாசை, கொட்டகையில் விளக்கில்லை,
ஆளை எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு
"அந்தத் தெரு ஆளுங்க நடையே தெரியுமுங்களே"
என்றார் சாட்சி.
இரண்டு பேர் சிரித்தோம்.
ஒருவர் அரசு வக்கீல்.

நான் அடித்தது:
'எதிரியை அவரது நடையை வைத்து அடையாளம் கண்டேன்.'
தெரு போய்விட்டது.
வாக்கியம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

பிறகு எதிரியிடம் கேள்விகள். பதினான்காவது:
சாட்சி இப்படிச் சொல்கிறாரே, என்ன சொல்கிறீர்?
தம்புசாமி கூண்டுக் கம்பியை விட்டுவிட்டு
வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார்.
வாய்க்கா வெட்டயில மம்புட்டி பாஞ்சிருச்சுங்கய்யா,
பொங்கலுக்கு மறுநாளு, நாலு வெரலும் மடங்காது,
நடையப் பாத்தேங்குறாரு, நா எங்கங்க நடக்குறேன்,
இழுக்குறேன்ல, இழுத்தத அவரு சொல்லலியே,
என்று இன்னும் ஏதேதோ,
மருந்துக்கடைச் சீட்டு, குறுவைக் கூலி பாக்கி,
மகள் பிள்ளைக்குக் காதுகுத்து என்று
போய்க்கொண்டே இருந்தார்.
நான் அடித்தது: 'பொய்.'
அந்தப் பதிலுக்கு அவ்வளவுதான் இடம்.
ஒரு வருடம் தீர்ப்பானது.

ஞாயிறு மத்தியானம் நாவலை மறுபடி எடுத்தேன்.
இந்தத் தடவை பென்சிலோடு.
வண்டிக்காரன் வாய் திறக்கும் இடங்களை மட்டும் எண்ணினேன்.
முந்நூற்றுத் தொண்ணூறு பக்கத்தில்
பதினோரு வரி.
அதில் நாலு 'ஆமாம் ஐயா'.
அவன் குதிரைக்குப் பெயர் உண்டா,
தீ எரிந்த ராத்திரி அவன் சாப்பிட்டானா,
வக்கீல் கேட்கவில்லை. எழுதியவரும் கேட்கவில்லை.
நல்லவர்தான். நல்ல எழுத்து.
அந்த ஒன்பது பக்கமும் எனக்கு இன்னும் பிடிக்கிறது.
அதுதான் தொந்தரவு.

திங்கட்கிழமை வேறு வழக்கு, வேறு சாட்சி,
அதே தெரு.
விரல் 'அந்தத்' வரைக்கும் போய்விட்டது.
ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
என் கீபோர்டில்
எழுத்து தேய்ந்தே போன பட்டன் ஒன்று உண்டு.
அடித்ததை அழிக்கிற பட்டன்.
அது இருக்கும் இடத்தைக் கண் தேட வேண்டியதில்லை.

நூலகத்தில் இரண்டு ரூபாய் அபராதம்.
"எப்டி இருந்துச்சு?" என்றார் கோமளவல்லி.
மொழிபெயர்ப்பு நல்லாருக்கு என்றேன்.
கடைசி வெற்றுப் பக்கத்தில்
எனக்கு முன்னால் படித்த யாரோ
'அருமை' என்று எழுதியதற்குக் கீழே
பதினோரு வரிக்கும் பக்க எண்கள் இருப்பதை
அவர் பிரித்துப் பார்க்கவில்லை.
பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.